ஆபீஸுக்கு ஏஐ உதவியாளர் கட்டப் போகிறீர்களா? ராணிப்பேட்டை யூனிட்டில் நான் பட்டதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் ஒரு யூனிட்டுக்காக இந்த வேலையை எடுத்தேன். கேட்டது சின்ன விஷயம்தான். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளி ஆளிடம் செய்யக் கொடுக்கும் வேலைக்கு, வெளியே போகிற சரக்குக்கும் திரும்பி வருகிற சரக்குக்கும் கையால் டெலிவரி சலான் எழுதுகிறார்கள். சூப்பர்வைசர் அதைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். சாயங்காலம் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா ஒவ்வொரு படமாகத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்து, கூகுள் ஷீட்டில் ஏற்றுவார். “இந்தப் படத்த ஏஐயே படிச்சு ஷீட்ல போட்டுடாதா தம்பி?” என்று முதலாளி பாய் கேட்டார். போட்டுவிடும், ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டு வந்தேன்.

ஏழு வாரம் ஆனது. அதில் ஏஐயோடு மல்லுக்கட்டியது மூன்றே நாள். மிச்சமெல்லாம் யார் அக்கவுண்ட், யார் பெயரில் பில், யார் அனுமதி, எந்தத் தேதி, எந்த நேரம் என்கிற விவகாரம். சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டைக்கு எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று எண்ணவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், காட்பாடி என்று நம் பக்கத்துச் சின்ன ஆபீஸ்களுக்கு இதே மாதிரி வேலை எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த பஸ் டிக்கெட்டாவது மிச்சமாகட்டும்.

நாங்கள் கட்டியது இவ்வளவுதான்: சூப்பர்வைசர் கூகுள் ஃபார்மில் படத்தை ஏற்றுகிறார். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட், ஃபார்ம் போன்றவற்றைத் தானாக இயக்க கூகுள் தரும் கோடிங் வசதி) அந்தப் படத்தை ஜெமினி ஏபிஐக்கு அனுப்புகிறது; ஜெமினி கூகுளின் ஏஐ, ஏபிஐ என்பது ஸ்கிரிப்ட் அதைக் கூப்பிடும் வாசல். வந்த விவரம் ஷீட்டில் உட்காருகிறது. கூகுள் சாட்டில் ஒரு ஸ்பேஸில் (குரூப் மாதிரி) அன்றைய கணக்கு வந்து விழுகிறது. சர்வர் வாடகை கிடையாது, தனி ஆப் கிடையாது.

1. யார் பெயரில் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

நான் என் சொந்த ஜிமெயிலில் ஆரம்பித்தேன். சீக்கிரம் காட்டிவிடலாம் என்ற ஆசை. டெமோ நன்றாக ஓடியது. பிறகு யூனிட்டில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பையனின் அக்கவுண்டுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அக்கவுண்டை மூடினார்கள். மறுநாளிலிருந்து ஷீட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை.

காரணம் எளிது. ஆப்ஸ் ஸ்கிரிப்டைத் தானாக ஓட வைக்கும் அமைப்புக்கு டிரிக்கர் என்று பெயர். அதை யார் வைத்தாரோ அவர் பெயரில்தான் ஓடும். அந்த ஆள் போனால் டிரிக்கரும் போச்சு. ஷீட்டை மற்றவர்களோடு பகிர்ந்திருந்தாலும் இதில் பயன் இல்லை.

ஆகவே ஆள் பெயர் இல்லாத, வேலைக்கென்றே ஒரு அக்கவுண்டை நிறுவனத்தின் டொமைனில் (சொந்த இணைய முகவரியில்) திறக்கச் சொல்லுங்கள். ஃபார்ம், ஷீட், ஸ்கிரிப்ட், டிரிக்கர், சாட் ஆப் எல்லாம் அதில்தான். அதன் பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் முதலாளியிடம் இருக்க வேண்டும், உங்களிடம் அல்ல. “இது நம்ம பேர்ல இருக்கா, உன் பேர்ல இருக்கா?” என்று பாய் ஆறாவது வாரத்தில் கேட்டார். அதை நான் முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியவை: ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ் நகல், நிறுவனத்தின் பான் எண், ஓடிபி வருகிற முதலாளியின் கைபேசி எண், ஆன்லைன் பரிவர்த்தனைக்குத் திறந்துவிடப்பட்ட கார்டு, டொமைன் வாங்கிய இடத்தின் லாகின். கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலும் சிக்கும். பல வருடத்துக்கு முன்னால் வெப்சைட் போட்டுக் கொடுத்த யாரோ ஒருவர் தன் பெயரில் டொமைனை வாங்கி வைத்திருப்பார். அவர் நம்பர் மாறியிருக்கும். எங்களுக்கு அவரைக் கண்டுபிடித்து லாகினை வாங்கவே ஒன்பது நாள் ஓடியது.

2. ஜிமெயில் போதுமா, வொர்க்ஸ்பேஸ் வேண்டுமா

ஷீட்டில் ஏற்றுவது மட்டும்தான் வேலை என்றால் சாதாரண ஜிமெயிலே போதும். சாட்டில் கேள்விக்குப் பதில் சொல்லும் சாட் ஆப் வேண்டுமென்றால் போதாது. கூகுள் சாட் ஆப் கட்டுவதற்கு வொர்க்ஸ்பேஸின் (நிறுவனங்களுக்கு கூகுள் விற்கும் சந்தா) பிசினஸ் அல்லது எண்டர்பிரைஸ் அக்கவுண்ட் தேவை.

அளவிலும் வித்தியாசம் உண்டு. ஆப்ஸ் ஸ்கிரிப்டில் டிரிக்கர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஓடக்கூடிய நேரம் ஜிமெயிலுக்கு 90 நிமிடம், வொர்க்ஸ்பேஸுக்கு 6 மணி நேரம். ஸ்கிரிப்ட் வழியாக ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு மெயில் போகலாம் என்பது ஜிமெயிலுக்கு 100, வொர்க்ஸ்பேஸுக்கு 1,500. ஒரு ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் நான் போடவில்லை. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் டிரிக்கர் ஒரு நாளைக்கு 1,440 முறை ஓடும். 6 மணி நேரம் என்பது 21,600 விநாடி. வகுத்தால் ஒரு ஓட்டத்துக்கு 15 விநாடி. சராசரி அதைத் தாண்டினால் சாயங்காலத்துக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும், மறுநாள் வரை எதுவும் நகராது. அவசரம் இல்லாத வேலைக்கு 5 நிமிட டிரிக்கர் வையுங்கள். அப்போது ஓட்டத்துக்கு 75 விநாடி கிடைக்கும்.

வொர்க்ஸ்பேஸுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். எல்லோருக்கும் வாங்கித் தள்ளாதீர்கள். தைக்கிற இடத்தில் இருப்பவர்கள் சொந்த ஜிமெயிலில் ஃபார்மை நிரப்பிக்கொள்வார்கள். எங்களுக்கு நான்கு லைசென்ஸ் போதுமாக இருந்தது: முதலாளி, அக்கவுண்ட்ஸ், டெஸ்பாட்ச், அந்த ஆள் பெயர் இல்லாத அக்கவுண்ட். முதல் 14 நாள் இலவச சோதனைக் காலம். அதைத் தொடங்குவதற்கு முன் டொமைன் லாகின் கையில் இருக்கட்டும். எங்கள் 14 நாளில் ஒன்பது எப்படிப் போனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஃபார்மில் ஒரு பொறி. கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் நிரப்புகிறவர் கூகுள் அக்கவுண்டில் நுழைந்தே ஆக வேண்டும். வொர்க்ஸ்பேஸில் செய்த ஃபார்ம் நிறுவனத்துக்குள் மட்டும் என்று பூட்டிக்கொள்வதும் உண்டு. செட்டிங்ஸில் அதை எடுத்துவிட்டு, வெளி ஜிமெயில் ஒன்றிலிருந்து நீங்களே ஏற்றிப் பாருங்கள். சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டுக் கண்டுபிடித்தால் “இன்னா சார், உள்ளயே வுட மாட்டேங்குது” என்று அன்றே பழைய வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார். அப்புறம் அவரை மறுபடி இழுப்பது கஷ்டம்.

டொமைனின் டிஎன்எஸ்ஸில் (மெயிலும் வெப்சைட்டும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) கை வைக்கும்போது: மெயிலை மாற்றுகிற எம்எக்ஸ் பதிவைத் தொடுவதற்கு முன்னால் பழைய ஹோஸ்டிங்கில் இருக்கும் மெயில்களை எடுத்துவிடுங்கள். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) ஒன்றுதான் இருக்க வேண்டும். பழையது கிடக்க, பக்கத்தில் புதியதைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. டிகேஐஎம் சாவியை (மெயில் நிஜமாகவே உங்களுடையது என்று காட்டும் கையொப்பத்துக்கானது) அன்றே உருவாக்க வராது, ஜிமெயில் இயங்க ஆரம்பித்த பிறகு 24 முதல் 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் மெயில் வருகிற ஆபீஸில் இந்த வேலையைச் சனிக்கிழமை சாயங்காலம் செய்வது உங்கள் உடம்புக்கு நல்லது.

3. பில்லும் கார்டும்

வொர்க்ஸ்பேஸ் சந்தாவில் ஜெமினி இருக்கிறதே, அதையே ஸ்கிரிப்டிலிருந்து கூப்பிடலாமே என்று பாய் மட்டுமல்ல, நானும் நினைத்தேன். முடியாது. ஷீட்டுக்கும் மெயிலுக்கும் பக்கத்தில் வந்து நிற்கும் ஜெமினி சந்தாவில் அடங்கியது. ஸ்கிரிப்ட் கூப்பிடும் ஜெமினி ஏபிஐக்கு பில் தனி.

ஏபிஐயில் இலவசப் படி ஒன்று உண்டு, பணம் கட்டும் படி ஒன்று உண்டு. வேகமும் எண்ணிக்கையும் மட்டுமல்ல வித்தியாசம். இலவசப் படியில் நீங்கள் அனுப்புவதைத் தங்கள் தயாரிப்புகளை மேம்படுத்தப் பயன்படுத்திக்கொள்வோம் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. கட்டணப் படியில் அப்படிப் பயன்படுத்துவதில்லை. வெளிநாட்டு பையரின் ஸ்டைல் எண்ணும் விலையும் இருக்கிற காகிதத்தை இலவசப் படிக்கு அனுப்பாதீர்கள். பையரோடு போட்ட ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் ஷரத்து இருக்கிறதா என்று முதலாளியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சோதனைக்கு நீங்களே கையால் எழுதிய போலிச் சலான் இருபது வைத்துக்கொள்ளுங்கள். நான் என் தங்கையின் கையெழுத்திலும் பத்து எழுதி வாங்கினேன், கிறுக்கலுக்கு அவளை மிஞ்ச ஆளில்லை.

சம்பளப் பட்டியல், ஆதார் நகல் இவற்றை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளியின் விவரத்துக்கும் பொருந்தும். சலான் படிக்க அதற்குத் தேவையும் இல்லை.

பேமெண்ட் புரொஃபைல் திறக்கும்போது தனிநபரா நிறுவனமா என்று கேட்கும். அவசரத்தில் தனிநபர் என்று தட்டினால் பிறகு மாற்ற முடியாது, புதிதாகத்தான் திறக்க வேண்டும். நிறுவனம் என்று கொடுத்து ஜிஎஸ்டி எண்ணையும் சேருங்கள். பில்லில் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுக்க ஆடிட்டர் அதைத்தான் கேட்பார்.

கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும், ரிசர்வ் வங்கி விதி. அதற்குக் கீழே என்றாலும் முதல் முறை அனுமதி கொடுத்து மாண்டேட்டைப் பதிய வேண்டும். வருடச் சந்தாவை ஒரே தொகையாகக் கட்டுகிறவர்கள் இதைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

செலவு பற்றி. எங்கள் யூனிட்டில் ஏஐ பில் மாத டீ பில்லைத் தொட்டதே இல்லை, லைசென்ஸ்தான் பெரிய தொகை. ஆனாலும் பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். அது எச்சரிக்கை மட்டும்தான், தொகை தாண்டினால் சேவையை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் ஸ்கிரிப்டிலேயே ஒரு நாளைக்கு இத்தனை படத்துக்கு மேல் அனுப்பாதே என்று எண்ணி நிறுத்துங்கள். ஒரு இரவு, தோற்றுப்போன ஒரே படத்தை என் ஸ்கிரிப்ட் விடிய விடிய திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த எண்ணிக்கைப் பூட்டைப் போட்டேன்.

4. ஸ்கிரிப்டை எங்கே வைப்பது

ஷீட்டின் மெனுவிலிருந்தே ஸ்கிரிப்டைத் திறந்து எழுதுவது சுலபம். ஆனால் அப்படி ஒட்டி எழுதிய ஸ்கிரிப்டை, ஷீட்டைத் திருத்த அனுமதி உள்ள எல்லோரும் திறக்கலாம். உள்ளே வைத்த ஏபிஐ சாவியையும் (ஏபிஐயைக் கூப்பிடத் தேவையான ரகசிய எழுத்து வரிசை) பார்க்கலாம். அதனால் தனி ஸ்கிரிப்டாக எழுதி, சாவியை ஸ்கிரிப்ட் புராபர்ட்டீஸில் (ஸ்கிரிப்டின் தனிச் சேமிப்பிடம்) வையுங்கள். அந்தச் சாவி ஜெமினி ஏபிஐக்கு மட்டும் செல்லும்படி கூகுளின் கிளவுட் கன்சோலில் கட்டுப்படுத்திவிடுங்கள். கோடிங்குக்குள் நேராகச் சாவியை எழுதி கிட்ஹப்பில் (கோடிங்கைப் பகிரும் தளம்) போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோடிங்கையே ஏஐயிடம் எழுதி வாங்கலாமா? வாங்கலாம், நான் பாதிக்கு மேல் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு இடத்தில் அது வழுக்கும். ஒன்று, நோட் ஜேஎஸ் (வேறொரு கோடிங் சூழல்) பழக்கத்தில் ‘ஃபெட்ச்’ என்று எழுதிக் கொடுக்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் அது கிடையாது, ‘யுஆர்எல் ஃபெட்ச் ஆப்’ என்கிற சேவைதான். இன்னொன்று, எப்போதோ ஓய்வுபெற்ற ஜெமினி மாடலின் பெயரை எழுதி வைக்கும். மாடல் பெயரை ஒரே இடத்தில், புராபர்ட்டீஸில் வைத்துக்கொள்ளுங்கள். மாடல்கள் வருவதும் போவதும் சகஜம். மாறும்போது ஒரு வரியைத் திருத்தினால் முடிந்துவிடும்.

ஏஐக்குச் சொல்லும் நீளமான குறிப்பையும் நான் புராபர்ட்டீஸில் வைக்கப் பார்த்தேன், பிழை வந்தது. ஒரு மதிப்புக்கு 9 கேபிதான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட் பிடிக்கும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறி. ஆக மூவாயிரம் குறியில் பை நிரம்பிவிடும். குறிப்பை ஷீட்டில் ஒரு மறைத்த தாளில் வைத்தேன். அக்காவே திருத்தவும் வசதியாகிவிட்டது.

5. அனுமதித் திரை

பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதல்முறை ஓட்டும்போது, ‘இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை’ என்று பயமுறுத்தும் திரை வரும்.

வொர்க்ஸ்பேஸ் டொமைனுக்குள் கட்டினால் கன்சென்ட் ஸ்கிரீனில் (இந்த அனுமதித் திரைக்கான அமைப்பு) ‘இன்டர்னல்’ என்று கொடுங்கள். சரிபார்ப்பும் வேண்டாம், பயமுறுத்தலும் இல்லை. முதல் படியில் டொமைன் அக்கவுண்ட் என்று நான் கத்தியதற்கு இது இன்னொரு காரணம். சொந்த ஜிமெயிலில் கட்டினால் ‘எக்ஸ்டர்னல்’ ஒன்றுதான் வழி. அதை ‘டெஸ்டிங்’ நிலையில் விட்டால் கொடுத்த அனுமதி 7 நாளில் காலாவதியாகும். என் டெமோ ஒரு செவ்வாய்க்கிழமை ஓடி அடுத்த செவ்வாய்க்கிழமை செத்தது இதனால்தான். கோடிங்கில் பிழை தேடி இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தேன்.

அனுமதி கேட்கும்போது அளவாகக் கேளுங்கள். டிரைவ் முழுவதும் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்குப் பதில், இந்த ஆப் உருவாக்கிய அல்லது இதற்கென்று திறந்த கோப்புகள் மட்டும் என்று கேட்கும் வகை உண்டு. அது போதுமா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ‘நிர்வாகி தடுத்திருக்கிறார்’ என்று வந்தால் அட்மின் கன்சோலில் ஏபிஐ கட்டுப்பாடுகள் என்ற பகுதியில் உங்கள் ஆப்பை நம்பகமானதாகக் குறிக்க வேண்டும். அதற்கு அட்மின் லாகின் வேண்டும், அதாவது முதலாளியின் ஓடிபி. அவர் தொழுகையிலோ சென்னைப் பயணத்திலோ இல்லாத நேரமாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

6. படத்தை ஏஐயிடம் கொடுப்பது

இந்தப் படி சுவாரசியமானது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சலான். நடுவில் மடிப்பு, ஓரத்தில் பசைக் கறை. ஸ்டைல் எண்ணுக்குக் கீழே சைஸ் வாரியாக: 40க்கு 36, 41க்கு 60, 42க்கு 72, 43க்கு 48, 44க்கு 24. மொத்தம் 240 ஜோடி. ஏஐ எல்லாவற்றையும் அழகாகப் படித்தது, 42க்கு மட்டும் 12 என்றது. எழுதியவர் ஏழுக்குத் தலையை லேசாகத்தான் வளைத்திருந்தார். திரையில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும், சந்தேகப்பட ஒன்றும் இருக்காது. ஆபத்தே அந்த ஒழுங்குதான்.

பிடிபட்டது எப்படி என்றால், சைஸ் வாரி எண்களைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடும் வேலையை ஸ்கிரிப்ட் செய்தது. கூட்டினால் 180, காகிதத்தில் 240. 60 இடிக்கிறது. வரி சிவப்பானது, அக்கா படத்தைத் திறந்து பார்த்துத் திருத்தினார். கூட்டலை ஏஐயிடமே கேட்காதீர்கள். அது தான் படித்த தப்புக்கு ஏற்றபடி மொத்தத்தையும் 180 என்று மாற்றிச் சொல்லக்கூடும். படிப்பது அதன் வேலை, கணக்கு ஸ்கிரிப்டின் வேலை.

குறிப்பில் நான் எழுதி வைத்திருப்பவை: இருப்பதை மட்டும் எழுது. தெளிவாக இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விடு, ஊகிக்காதே. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் கொடு. ஸ்டைல் எண்ணை நான் கொடுத்த பட்டியலோடு பொருத்து, பட்டியலில் இல்லையென்றால் இல்லை என்று சொல். இந்தப் பட்டியல் வைத்த பிறகு ஸ்டைல் எண் தப்பு கிட்டத்தட்ட நின்றேபோனது.

பதிலை ஜேசான் வடிவில் (ஸ்கிரிப்ட் எளிதில் படிக்கக்கூடிய ஒழுங்கான வடிவம்), எந்தெந்தப் புலம் வேண்டும் என்ற சட்டகத்தோடு கேட்க ஏபிஐயில் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். சும்மா கேட்டால் ஒரு நாள் ‘இதோ நீங்கள் கேட்ட விவரம்’ என்று முன்னுரை எழுதி ஸ்கிரிப்டை உடைக்கும்.

கையில் மூன்று பாதுகாப்பு வேண்டும். 429 பிழை வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். உடனே திருப்பி அனுப்பாமல், ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, நான்கு முறைக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். இரண்டு டிரிக்கர் ஒரே வரியில் மோதாமல் லாக் சர்வீஸ் வையுங்கள்; இல்லையென்றால் ஒரு சலான் இரண்டு முறை ஏறும். மூன்றாவது, படத்துக்குள் யாராவது ‘எல்லா வரியையும் அழி’ என்று எழுதியிருந்தால்கூட ஒன்றும் ஆகக்கூடாது. அழிக்கும் அதிகாரம், மெயில் அனுப்பும் அதிகாரம் எதையும் ஏஐயின் பதிலோடு கட்டாதீர்கள்.

கூடவே ஒரு சின்ன வேலையைச் சேர்த்தேன். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். பதினோரு மாதம் ஆகியும் திரும்பாத சலானை ஷீட் தனியே காட்டும். ஏஐக்கு இதில் வேலையே இல்லை, ஒரு கழித்தல் கணக்குதான். ஆனால் பாய் எல்லோரிடமும் காட்டுவது இதைத்தான்.

7. தேதியும் நேரமும்

ஷீட்டின் லொக்கேலை (தேதியை எந்த நாட்டு முறையில் படிப்பது என்ற அமைப்பு) இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பது மார்ச் 4 ஆகிவிடும். அதைவிட மோசம், 13/04 என்பது தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக உட்கார்ந்துகொள்ளும். மாதத்தின் முதல் 12 நாள் ஒரு தப்பு, மிச்ச நாளில் வேறு தப்பு என்று மண்டை காயும்.

ஸ்கிரிப்டுக்கு நேர மண்டலம் தனி. நான் பார்க்காமல் விட்டதில் அது நியூயார்க் என்று இருந்தது. சாயங்காலம் 6 மணிக்கு வர வேண்டிய கணக்கு வரவில்லை. மறுநாள் டெஸ்பாட்ச் அண்ணன் கூப்பிட்டார்: “சார், வெடிகாலை நாலு மணிக்கு கணக்கு வந்துகீது. இன்னா விஷயம்?” செட்டிங்ஸில் கொல்கத்தா நேரத்துக்கு மாற்றினேன். ‘6 மணி’ என்று வைத்தாலும் டிரிக்கர் 6க்கும் 7க்கும் நடுவில் ஏதோ ஒரு நிமிடத்தில்தான் ஓடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

8. சாட்டில் பேச வைப்பது

அன்றைய கணக்கை ஸ்பேஸில் போடுவது மட்டும் போதுமென்றால் இன்கமிங் வெப்ஹுக் (ஸ்பேஸுக்குச் செய்தி அனுப்ப ஒரு இணைய முகவரி) போதும், பத்து நிமிட வேலை. அது ஒருவழிப் பாதை. யாராவது திருப்பிக் கேள்வி கேட்டால் அதற்குக் காது கிடையாது. ஒரு ஸ்பேஸுக்கு விநாடிக்கு ஒரு செய்திதான் போகும். வெப்ஹுக் முகவரி கிடைத்தவர் யாரும் அந்த ஸ்பேஸில் எழுதலாம், அதனால் அதையும் சாவி மாதிரியே வையுங்கள்.

‘ஆம்பூர் பார்ட்டிக்குப் போனதில் எவ்வளவு பாக்கி?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமா, அப்போதுதான் சாட் ஆப். ஆப்ஸ் ஸ்கிரிப்டோடு தானாக வரும் கிளவுட் புராஜெக்ட் இதற்கு ஆகாது. கிளவுட் கன்சோலில் தனியாக ஒரு புராஜெக்ட் திறந்து அதன் எண்ணை ஸ்கிரிப்டில் இணைக்க வேண்டும். கேள்வி வந்த 30 விநாடிக்குள் பதில் போக வேண்டும், தாண்டினால் ‘ஆப் பதிலளிக்கவில்லை’ என்று வரும். ஏஐ யோசிக்க நேரம் எடுக்கும் கேள்விக்கு முதலில் ‘பார்க்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, கேள்வியை ஷீட்டில் வரிசையில் போட்டு, டிரிக்கர் எடுத்துப் பதில் சொல்லும்படி செய்யுங்கள்.

பதில் சொல்லும்போது எந்தச் சலான் எண்களிலிருந்து எடுத்தது என்பதையும் ஆப் காட்ட வேண்டும். எண் இல்லாத பதிலை அக்கா நம்புவதில்லை. அவர் சொல்வதுதான் சரி.

ஆப்பைத் திருத்திய பிறகு ‘நியூ டிப்ளாய்மென்ட்’ அழுத்தினால் புதிய அடையாளம் பிறக்கும், பழைய இணைப்பு பழைய ஸ்கிரிப்டையே ஓட்டிக்கொண்டிருக்கும். ‘மேனேஜ் டிப்ளாய்மென்ட்ஸ்’ போய், இருப்பதைத் திருத்தி, புதிய வெர்ஷன் கொடுங்கள்.

9. டீம்ஸ் வைத்திருக்கும் ஆபீஸ், வெளியே விற்கும் ஆசை

ஆபீஸில் இருப்பது மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்றால் இதே வேலையை அவர்களுடைய பவர் ஆட்டோமேட், கோபைலட் ஸ்டூடியோ என்ற கருவிகள் வழியாகச் செய்யலாம். பழைய கனெக்டர் முறை வெப்ஹுக்கை நம்பித் தொடங்காதீர்கள், மைக்ரோசாஃப்ட் அதை வொர்க்ஃப்ளோஸ் பக்கம் நகர்த்திவிட்டது.

ஒரு யூனிட்டுக்குச் செய்ததை ஊருக்கே விற்கலாம் என்று தோன்றும். வொர்க்ஸ்பேஸ் மார்க்கெட்பிளேஸில் (கூகுளின் ஆப் கடை) ஒரே டொமைனுக்குள் தனியாக வெளியிட கூகுளின் பரிசீலனை வேண்டாம். பொதுவில் வெளியிட அந்தப் பரிசீலனை தேவை. தனியா பொதுவா என்று ஒருமுறை சேமித்தால் மாற்ற முடியாது. பொது என்றால் உங்களுக்குச் சொந்தமான டொமைன், தனியுரிமைக் கொள்கைப் பக்கம், ஆப் எப்படி அனுமதியைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் வீடியோ எல்லாம் கேட்பார்கள். மெயிலைப் படிக்கும் அனுமதி கேட்டால் அதற்கு மேல் பாதுகாப்புத் தணிக்கையும் வரும், வருடா வருடம். இரண்டு மூன்று யூனிட் என்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே நிறுவிக் கொடுத்துவிடுங்கள்.

10. எத்தனை நாள், என்ன ஒப்படைப்பது

இப்போது யாராவது கேட்டால் ஐந்து வாரம் என்கிறேன். காகிதமும் டொமைன் லாகினும் ஒரு வாரம். மெயில், லைசென்ஸ், பில்லிங் ஒரு வாரம். ஸ்கிரிப்ட் ஒரு வாரம். பிறகு இரண்டு வாரம் பழைய முறையும் புதிய முறையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். அந்த இரண்டு வாரத்தைக் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 72ஐ 12 என்று படித்தது அந்த நாட்களில்தான் தெரிந்தது. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். கூகுளுக்குப் போகும் தொகை எதையும் உங்கள் கார்டில் போடாதீர்கள்.

ஒப்படைக்கும்போது ஒரே ஒரு தாள் போதும். ஆள் பெயர் இல்லாத அக்கவுண்டின் முகவரி, டொமைன் புதுப்பிக்கும் தேதி, சந்தா புதுப்பிக்கும் தேதி, ஓடும் டிரிக்கர்கள் எவை, மாடல் பெயர் எங்கே இருக்கிறது, டிரிக்கர் தோற்றால் வரும் மெயில் யாருக்குப் போகிறது. பாஸ்வேர்டு மட்டும் அதில் வேண்டாம். நான் கொடுத்த தாளை அக்கா பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே பென்சிலில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: ‘நின்னுபோனா முதல்ல கார்டு பாரு.’